மணமாலையும் நிறமும்

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், தஞ்சோங் மாலிமுக்கு வடக்கே, புகைவண்டி நிலையத்தையும் கடைத்தெருவையும் சுற்றி அமைந்த சிற்றூர் சிலிம் ரிவர். முன்பு பத்தாங் பாடாங் மாவட்டத்தில் அடங்கியிருந்த இவ்வூர், 2016ஆம் ஆண்டு முதல் முவாலிம் மாவட்டத்தைச் சேர்ந்தது. போர் வரலாறு பயின்றோர் இதன் பெயரை 1942 சனவரி 7ஆம் நாளோடு சேர்த்து நினைப்பர். அன்று ஜப்பானிய டாங்கிகள் பெருஞ்சாலை வழியே புகுந்து 11ஆம் இந்தியப் படைப்பிரிவின் காப்பைச் சிதைத்தன. தமிழர்க்கோ இது பால்மரத் தோட்டங்களின் ஊர். இன்று இத்தகைய ஊர்களில் திருமண மாலைக்குச் சொல்லி வைக்கச் செல்வோரிடம் பூக்கடைக்காரர் கேட்கும் முதற்கேள்வி, ‘என்ன பூ வேண்டும்?’ என்பதன்று, ‘புடைவை என்ன நிறம்?’ என்பதே. மணமகளின் பட்டுக்கரை, மணமகனின் மேலாடை, மணவறையின் திரை ஆகிய மூன்றுக்கும் இயைய நிறம் தேர்ந்த பின்னரே அந்நிறத்திற்கேற்ற பூ தேடப்படுகிறது. சிறு மாற்றம்போலத் தோன்றினும் இது தமிழர் மலர் வழக்கின் தலைகீழ் மாற்றம் எனலாம்.

பண்டைத் தமிழர் பூவை அதன் பெயரால் தேர்ந்தனர். நிறம் பெயரோடு வந்தது. நிலம் ஐந்தும் பூப்பெயர் பெற்றதும், போர்த்துறைகள் வெட்சி முதல் வாகை ஈறாகப் பூவால் சுட்டப்பெற்றதும், சேரர்க்குப் பனம்பூவும் சோழர்க்கு ஆத்தியும் பாண்டியர்க்கு வேம்பும் அடையாளமானதும் ஆசிரியர்கள் நாள்தோறும் வகுப்பில் சொல்லும் செய்திகள். வேப்பம்பூ கண்ணைக் கவரும் பூவா? பனம்பூவில் என்ன வண்ணம்? அழகுக்காக மட்டும் பூவைத் தேர்ந்திருந்தால் இவ்விரண்டும் அரசர் முடியில் ஏறியிரா. சூடியவன் யாவன், எந்நிலத்தான், எச்செயலில் இறங்கியிருக்கிறான் என்பதைப் பூ சொல்லிற்று. நிறத்தைப் பழந்தமிழர் பொருட்படுத்தவில்லை என்பது இதன் கருத்தன்று. குரு, கெழு என்னும் சொற்கள் நிறத்தை உணர்த்தும் என்று தொல்காப்பியர் உரியியலில் விளக்குகிறார். எனினும் நிறம் பூவுக்கு அடை, பூவே பெயர்.

அகநானூற்றில் திருமணத்தை விரித்துரைக்கும் பாட்டுகள் இரண்டு, 86ஆம் பாட்டும் 136ஆம் பாட்டும். முன்னது நல்லாவூர் கிழார் பாடியது. புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை வாழ்த்தி நீராட்டுகின்றனர். நீரோடு சொரிந்த பூவிதழ்களும் நெல்லும் அவள் கூந்தலில் தங்கி விளங்குகின்றன. அங்கே பூ கட்டப்படவில்லை, கோக்கப்படவில்லை. நெல்லோடு நெல்லாகத் தூவப்படுகிறது. விற்றூற்று மூதெயினனார் பாடிய பின்னைய பாட்டு இன்னும் வியப்புக்குரியது. அதில் மணமகளுக்குச் சூட்டுவன வாகையின் கவர்த்த இலையும் அறுகின் முகையும். முதிய கன்று மேய்ந்த பள்ளத்தில், முதல் மழைக்குத் துளிர்த்த அறுகம்புல்லின் முகை. கழுவிய நீலமணி போன்றது. இவை வெண்ணூலில் கட்டப்படுகின்றன. பசுமை, நீலம், வெண்மை என்று நாம் நிறம் பிரித்துக் காணலாம். புலவர்க்கு முதன்மையானவை மழையும் கன்றும் பள்ளமும். மணநாள் எந்தப் பருவத்தில் வந்தது என்பதை அந்தச் சூட்டே அறிவித்துவிடுகிறது.

இவ்விரு பாட்டிலும் மாலை மாற்றுதல் இல்லை. மணமாலை என்னும் சொல்லை ஆண்டாளின் நாச்சியார் திருமொழிக் கனவில் காண்கிறோம். அங்கும் மணமகளுக்கு மாலை சூட்டுபவள் உறவினள் முறையில் வரும் அந்தரி, மணமகன் அல்லன். கழுத்துக்குக் கழுத்து மாலை மாற்றுவதே திருமணத்தின் உயிர்நிலை என்று இன்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

நிறத்தைத் தனியே எடுத்து மணப்பந்தரை அமைத்த காட்சிக்குச் சிலப்பதிகாரம் சான்று. கோவலன் கண்ணகி திருமணத்தில் தூண்களில் மாலைகள் தாழ்கின்றன; மேலே நீல விதானம், அதன்கீழ் முத்துப்பந்தர். நீலத்தின்கீழ் வெண்மை: இரவு வானும் மீன்களும் மண்டபத்துக்குள் இறங்கினாற்போன்ற அமைப்பு. மதி உரோகிணியைக் கூடும் நாளில் அம்மணம் நிகழ்வதால் அவ்வானம் வெறும் ஒப்பனையாக நில்லாமல் பொருளோடு பொருந்துகிறது. ஆனால் அது புகார் வணிகர் செல்வம். நிறம் அங்கே துணியாலும் முத்தாலும் வந்தது, பூவால் அன்று.

மாலையின் பாங்கைக் குறிக்கத் தமிழில் உள்ள சொற்களைக் கருதினால் இக்கலை எவ்வளவு நுட்பமாக வளர்ந்தது என்பது புலனாகும். கண்ணி, தார், கோதை, பிணையல், தொடையல், தெரியல், படலை, இண்டை, தொங்கல் என்பவற்றை இன்று ஒருபொருட் பன்மொழியாக மனப்பாடம் செய்விக்கிறோம். அவை ஒருபொருள் அல்ல. பெரியபுராணத்தில் முருக நாயனார் வரலாற்றைப் படிப்போர் வேறுபாட்டை எளிதில் உணர்வர். கோத்தால் கோவை, தண்டில் கட்டினால் கண்ணி, தாளில் பிணைத்தால் பிணையல் என்று சேக்கிழார் தொழிலைக் கொண்டே பெயரைத் தெளிவிக்கிறார். பூக்களையும் கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ எனப் பிறந்த இடத்தால் வகுக்கிறார். சிவப்புப்பூ, வெள்ளைப்பூ என்று வகுக்கவில்லை. கோயில்களில் நந்தவனமும் திருப்பள்ளித்தாமமும் நிலைபெற்ற சோழர் காலத்தில் மாலை தொடுப்பது நாள்தோறும் செய்யும் தொழிலாயிற்று. இல்லத் திருமணத்தின் மாலை அக்கோயில் மாலையின் தங்கை எனலாம்.

அத்தொழில் நிறத்தை எவ்வளவு தேர்ச்சியோடு ஆளவல்லது என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையின் மாணிக்கமாலையைக் காட்டலாம். வெள்ளரளி, செவ்வரளி, நொச்சியிலை ஆகிய மூன்றே பொருள்கள். அவற்றை மடித்துப் பாய் முடைவதுபோலத் தட்டையாகப் பின்னுவர். முடிந்தபின் அது பூவாகத் தோன்றாமல் மணி பதித்த பட்டைபோல ஒளிரும். 2025இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சாயமும் இல்லை, அயல்நாட்டுப் பூவும் இல்லை. வேலியோரத்து அரளியும் நொச்சியுமே அந்த நிறக்கோலம் செய்யப் போதுமானவை.

இனி, ‘மரபான மணமாலை’ என்று இன்று போற்றப்படுவதைச் சற்று ஆராய வேண்டும். அதில் உள்ள பொன்னிறத் துலுக்கச் செவ்வந்தி மெக்சிகோவிலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தது. அயலிலிருந்து வந்தது என்பதை அதன் பெயரே கூறிவிடுகிறது. வெண்ணிறச் சம்பங்கி, அதாவது நிலச்சம்பங்கி, அதே மெக்சிகோவின் செடி. வந்த பூவுக்கு நம்மவர் பழைய சண்பகத்தின் பெயரைச் சார்த்திவிட்டனர். சாமந்தியின் வளர்ப்பு சீனத்தில் தோன்றியது. இம்மூன்றையும் நீக்கினால் இன்றைய ‘மரபு’ மாலையில் எஞ்சுவது சிறிதே. இதனைக் குறையாகச் சொல்லவேண்டியதில்லை. வந்த பூவை வாழைநாரில் கட்டிய கை தமிழ்க்கையே.

மலாயாவுக்குத் தமிழர் வந்தபோது அந்தக் கை உடன்வந்தது, பூ உடன்வரவில்லை. ஒப்பந்தக்கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை 1938இல் நின்றது. அவ்விரு முறைகளாலும் வந்து தோட்ட வரிசைவீடுகளில் குடியேறியவர்கள் புதுநிலத்தில் எது பூத்ததோ அதைக் கொண்டு மணவினை நடத்தினர். மாவிலை, வாழைமரம், தென்னங்குருத்து மூன்றும் இங்குத் தாராளம். ஆதலால் பந்தலும் தோரணமும் ஊரில் இருந்தபடியே அமைந்தன. கோயிலருகே அரளியும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் துளசியும் வளர்ந்தன. வெட்சியை நினைத்தால் நகைப்பும் துயரமும் ஒருங்கே தோன்றும். ஆநிரை கவரும் மறவர் சூடிய அப்பூவை மக்கள் இட்லிப்பூ என்பர். மலேசியாவில் அது வீட்டுவேலிக்கும் பங்களாவேலிக்கும் நடும் செடி. அந்த வேலியில் பறித்த கொத்து மாலைக்கும் ஆயிற்று, பிள்ளையார்க்கும் ஆயிற்று.

பூ போதாத குறையைக் காகிதம் தீர்த்தது. சுருக்கத்தாளை வெட்டி மடித்துப் பூவாக்கிப் பந்தற்கால்களிலும் மணவறையிலும் கட்டுவது தோட்டத் திருமணங்களில் பரவிய வழக்கம். மழை பெய்தால் சாயம் கரைந்து வெள்ளை வேட்டியில் ஒழுகும். நிறம் பூவைவிட்டுப் பிரிந்த இடம் இதுவே எனத் தோன்றுகிறது. காகிதப்பூவுக்குப் பருவம் இல்லை, நிலம் இல்லை, மணம் இல்லை. கடையில் அடுக்கிய தாள்களில் எந்த நிறம் பிடித்ததோ அதுவே பூ. இளஞ்சிவப்பும் பச்சையும் வேண்டுமென்று முதன்முதலாக வாய்திறந்து கேட்கத் தோட்டத்து மணமக்களால் முடிந்ததும் காகிதத்தால்தான். இன்றைய நிறத்தேர்வைச் செல்வரின் பகட்டு என்று ஒதுக்குவோர் அதன் ஏழைத் தாயை மறந்துவிடுகின்றனர். அண்டை வீட்டு மலாய்க்காரர் மண ஊர்வலத்தில் ஏந்திவரும் ‘பூங்கா மங்கார்’ என்பதும் மினுமினுப்புத் தாளால் செய்த தென்னம்பாளையே. பாளையை மங்கலப் பொருளாகக் கொள்ளும் தமிழர்க்கு அது அயலாகத் தோன்றியிராது.

இதற்கிடையே மாலை வேறொரு பெருமை பெற்றது. பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்தார், 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ தொடங்கியது. சீர்திருத்தத் திருமணத்தில் தீயும் மந்திரமும் விலகின, மாலை நின்றது. தமிழகத்தில் இத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்று 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதன் சுமை மனைவியர் உரிமையின்மீதும் பிள்ளைகள் வாரிசுரிமையின்மீதும் விழுந்தது. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் நிறைவேறி 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த இந்துத் திருமணச் சட்டத்திருத்தம் அதனை மாற்றியது. உற்றார் முன்னிலையில் மணமக்கள் ஒருவருக்கொருவர் மாலையிடுதல், அல்லது மோதிரம் அணிவித்தல், அல்லது தாலி கட்டுதல், இவற்றுள் ஒன்றே திருமணத்தை நிறைவாக்கும் என அது விதித்தது. பூ வாடலாம், அது ஏற்படுத்திய உரிமை வாடாது என்னும் நிலை சட்டத்தில் ஏறியது.

மலேசியாவில் சட்டம் வேறுவழி சென்றது. இசுலாமியர் அல்லாதார்க்கான 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச்சு 1ஆம் நாள் நடப்புக்கு வந்தபின், பதிவு பெறாத மணத்துக்குச் சட்டக்காப்பு இல்லை. கோயிலில் மாலை மாற்றித் தாலி கட்டியதோடு மணம் முடிந்தது என்று நம்பிய எளிய குடும்பத்துப் பெண்கள் பிற்காலத்தில் தாளின்றித் தவிக்க இடமுண்டாயிற்று. மாலையின் நிறத்துக்குப் பன்முறை அலையும் குடும்பம் பதிவுக்கும் ஒருமுறை செல்லவேண்டியிருப்பதை இவ்விடத்தில் நினைப்பது தகும்.

பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை ஏறியதும், தோட்டங்கள் துண்டானதும், மக்கள் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்ததும் அறிந்த வரலாறு. திருமணமும் பந்தலைவிட்டு மண்டபத்துக்குள் புகுந்தது. மாலையில் புதிதாகச் சேர்ந்தது ஆர்க்கிட். சிங்கப்பூரில் 1893இல் அறியப்பட்டு, 1981இல் அந்நாட்டின் தேசிய மலராகத் தேர்ந்த வாண்டா மிஸ் ஜோவாக்கிம் இவ்வட்டாரத்து ஆர்க்கிட்டுக்குப் பெயர் தந்தது. ஊதாவும் வெண்மையும் கலந்த வேறுவகை ஆர்க்கிட்டுகள் மணமாலையில் நிலைத்தன. இதழ் தடித்தது, எளிதில் வாடாது. குளிரூட்டிய மண்டபத்துக்கும் நெடுநேரப் படப்பிடிப்புக்கும் ஏற்றது. சாமந்தியும் ரோஜாவும் கேமரன் மலையிலிருந்து இறங்குகின்றன. அம்மலைச்சாலை தாப்பாவில் பெருஞ்சாலையோடு கூடுகிறது. பீடோரும் சுங்காயும் கடந்தால் சிலிம் ரிவர். முன்னோர் அறியாத வெளிர்பச்சையும் இளமஞ்சளும் இன்று இங்கே கேட்ட நாளில் கிடைப்பதற்கு அம்மலையின் குளிரே காரணம்.

வெள்ளையும் அவ்வாறே புதுப்பொருள் பெற்றது. 1840இல் விக்டோரியா அரசி தம் திருமணத்தில் வெண்ணிற ஆடையும் நாரத்தையினப் பூவாலான தலைமாலையும் அணிந்தார். அதன்பின் மேனாட்டில் மணமகளின் நிறம் வெண்மை என்பது பரவிற்று. அவ்வழக்கம் முதலில் தமிழ்க் கிறித்தவர் திருமணங்களில் வெண்பட்டும் பூச்செண்டுமாக வந்தது. பின்னர் வரவேற்பு நிகழ்ச்சி வழியாகப் பிறர் மண்டபங்களிலும் புகுந்தது. கைம்மையின் நிறம் என்று பாட்டிமார் முகஞ்சுளித்த வெண்மையைப் பேத்தியர் விரும்பி மேடையில் நிரப்புகின்றனர். இதில் வருந்தத்தக்கது யாதும் இல்லை. கைம்பெண்ணுக்குப் பூவையே மறுத்த பழைய வழக்கத்தினும் இது நன்று.

வருந்தத்தக்கது ஒன்று உண்டெனில் அது வாசனையே. மணம் என்னும் சொல் நறுமணத்தையும் திருமணத்தையும் ஒருங்கே குறிக்கும். மன்றல் என்பதும் அத்தகையது. கடி என்பதும் அத்தகையது. மூன்று சொற்கள் இப்படி இருபொருள் பெற்றிருப்பது தற்செயலாகாது. மணவினை நடக்கும் வீட்டைக் கண்ணுக்கு முன்னே மூக்கு அறிந்துகொண்ட காலத்தின் தடம் அது. நிறத்துக்காகத் தேர்ந்த ஆர்க்கிட்டிலும் சாமந்தியிலும் அந்நறுமணம் இல்லை. நெடுநாள் வாடாதபடி வளர்த்த ரோஜாக்களும் மணத்தைப் பெரும்பாலும் இழந்தவை. நிறம் படத்தில் பதிகிறது, வாசனை பதிவதில்லை. ஆதலின் படத்துக்காக அமைத்த மணவறையில் அது தானே விலகிவிடுகிறது. மரிக்கொழுந்தையோ துளசியையோ ஊடே வைத்துக் கட்டுமாறு சொல்லும் வீட்டார் இன்னும் உளர். நிறக்கோலத்துக்கு இடையூறின்றி, பச்சை என்னும் பெயரிலேயே, அவை உள்ளே நுழைந்துவிடும்.

மணமகளின் கூந்தலுக்கு மட்டும் மல்லிகைச் சரத்தைத் தனியே சொல்லி வைக்கிறார்கள். மாலை எந்நிறமாயினும் இதற்கு நிறம் கேட்பார் இல்லை. உள்ளூர் மல்லிகை போதாதபோது மதுரை, நிலக்கோட்டைப் பக்கத்துப் பூ விமானத்தில் வருகிறது. மொட்டாகப் பறித்து நாரில் நெருங்கக் கட்டிய அச்சரம், கடல்கடந்து வந்து, முகூர்த்தத்துக்கு முந்திய இரவில் பேராக்கின் ஒரு வீட்டுக் குளிர்பெட்டியில் ஈரத்துணிக்குள் விரிந்துகொண்டிருக்கிறது.