காப்பிரி முத்தப்பன்: ஒரு பெயரின் வரலாறு

கொச்சியின் பழைய துறைமுகப் பகுதியாகிய மட்டாஞ்சேரியில் காப்பிரி முத்தப்பனுக்கு ஒரு சிறு வழிபாட்டிடம் உண்டு. கள்ளும் சுருட்டும் மெழுகுவர்த்தியும் அங்குப் படைக்கப்பெறுகின்றன. 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றியபோது, வெளியேறிய போர்ச்சுகீசியர் தம் செல்வத்தைப் புதைத்து, அதற்குக் காவலாக ஆப்பிரிக்க அடிமைகளையும் கொன்று உடன் புதைத்தனர் என்பது அவ்வூர்ச் செவிவழிச் செய்தி. புதையலைப் பற்றி அச்செய்தி விரிவாகவே பேசுகிறது; அவ்வடிமைகளின் இயற்பெயர் ஒன்றேனும் அதில் எஞ்சவில்லை.

எஞ்சியது 'காப்பிரி' என்னும் சொல்லே. அரபியில் இறைமறுப்பாளரைச் சுட்டிய 'காஃபிர்', போர்ச்சுகீசியர் வழக்கில் கறுப்பின மக்களைக் குறிப்பதாயிற்று; தமிழிலும் மலையாளத்திலும் காப்பிரி என வழங்கிற்று. இலங்கையின் புத்தளம் பகுதியில் வாழும் ஆப்பிரிக்க வழியினரும் இப்பெயராலேயே அறியப்பெறுகின்றனர். தென்னாப்பிரிக்காவிலோ இதன் ஆங்கில வடிவம் கொடிய வசை.

மட்டாஞ்சேரி மக்கள் இச்சொல்லோடு, மூதாதையைக் குறிக்கும் 'முத்தப்பன்' என்பதைச் சேர்த்தனர். இன இழிவைச் சுமந்த சொல்லும் உறவுமுறைச் சொல்லும் இங்ஙனம் ஒரே தொடரில் அமைந்தன. கொச்சியைக் களமாகக் கொண்ட புதினங்களைப் பெயர்ப்போர் இதனை 'நீக்ரோ பூதம்' என்றெழுதின் உறவு மறையும். 'கறுப்புத் தெய்வம்' என்றெழுதினோ அடிமை வாணிகமே மறைந்துவிடும். தமிழ்ப் பெயர்ப்பாளருக்கு இவ்விடர் இல்லை. இரு சொற்களும் தமிழுக்குப் புதியன அல்ல. அவற்றை அவ்வாறே நிறுத்தி, முதல் ஆட்சியில் மட்டும் ஒரு குறிப்புத் தரலாம்.