பட்டமும் பட்டாவும்

பெருந்துறைச் சீமையில் குடியானவர் வீட்டுப் பெட்டியில் பத்திரமாய்க் கிடக்கும் பட்டாவுக்கும் ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்றுக்கும் உறவுண்டு என்றால் நம்மில் பலர் வியப்போம்.

தாமஸ் மன்றோ 1761-இல் கிளாஸ்கோவில் பிறந்தார். தந்தை வர்ஜீனியாவோடு வாணிபம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரினால் குடும்பம் நொடித்துப்போகவே, மகன் கும்பினிப் படையில் சேர்ந்து 1780-இல் சென்னை வந்திறங்கினார். 1792-இல் திப்புவிடமிருந்து பாரமகால், அதாவது சேலம், தருமபுரிப் பகுதி, கும்பினி வசமானது. அலெக்சாந்தர் ரீடின் கீழ் ஏழாண்டுகள் மன்றோ அங்கே பணியாற்றினார். ஜமீன்தார் இடைநில்லாது குடியானவரிடமே தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை அங்குதான் உருப்பெற்றது. பின்னர் நம் கோவைச் சீமைக்கும் வந்தது.

அம்முறையை நாம் வானளாவப் புகழ வேண்டியதில்லை. தீர்வை கொடிது. கடப்பை, பெல்லாரிச் சீமையில் தாம் விதித்த தீர்வையில் கால் பங்கைக் குறைக்குமாறு 1807-இல் அவரே எழுதினார், மேலிடம் இசையவில்லை. 1820-இல் அவர் ஆளுநரான பின்னரே அது நிறைவேறியது. குடியானவர் பதின்மூன்றாண்டுகள் காத்திருந்தனர்!

1825-இல் அவருக்குப் பாரனெட் என்னும் பரம்பரைப் பட்டம் கிடைத்தது. ஈராண்டில், பத்திகொண்டாவில் வாந்திபேதி அவரைக் கொண்டுபோயிற்று. பட்டம் மூத்த மகன் தாமசுக்கும், பின் இளையவர் காம்பெல்லுக்கும், அவர் மகன் ஹியூவுக்கும் சென்றது. பாட்டன் வயல்களைக் கணக்கெடுத்தார்; பேரனோ மலைகளை. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்களை ஹியூ 1891-இல் பட்டியலிட்டார். அவற்றை இன்றும் ‘மன்றோ’ என்றே அழைக்கின்றனர். 1919-இல் அவர் இறந்தபோது, அப்பட்டியலில் அவரே ஏறாத சிகரங்கள் சில எஞ்சியிருந்தன.