சுவர் ஏறிய மீன்கள்



விழா மலருக்கு வரலாறு ஒன்று எழுதிக் கொடுங்க என்று கேட்டார்கள். குழு ஆரம்பித்த கதை, முதல் சங்கக் கடன் கதை, வங்கிப் படி ஏறி இறங்கின கதை எல்லாம் மற்றவர்கள் எழுதுகிறார்கள். நான் நம்ம பக்கத்து மீனும் விலங்கும் மரமும் எப்படிச் சுவருக்கு வந்தன என்று எழுதுகிறேன். இதெல்லாம் ஒரு வரலாறா என்று கேட்காதீர்கள், கடைசிவரை படியுங்கள்.

முதலில் நம்ம ரெண்டு ஊர்ப் பெயரையும் எடுத்துக்கொள்வோம். கடலூர்ப் புதுநகரில் இருப்பது திருப்பாதிரிப்புலியூர். பாதிரி என்பது மரம், புலி நமக்குத் தெரிந்த புலிதான். சிதம்பரத்துக்குப் பழைய பெயர் பெரும்பற்றப்புலியூர். அதிலும் புலி. புலிக்கால் முனிவர் வழிபட்டதால் இந்தப் பெயர்கள் என்று தலபுராணம் சொல்லும். சிதம்பரத்துக்கு இன்னொரு பெயர் தில்லை. அதுவும் மரம்தான். ஒடித்தால் பால் வடியும், அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. இன்றைக்கு ஊருக்குள் நாலு வீதியையும் சுற்றினால் ஓட்டலும் பாத்திரக்கடையும் இருக்கும், தில்லை மரம் கண்ணில் படாது. அதைப் பார்க்க பிச்சாவரத்துக்குத்தான் போகணும். உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் கலக்கிற சேற்றில் வளர்கிற மரம் அது. ஆக, ஊருக்குப் பெயர் கொடுத்ததே கழிமுகத்துக் காடு. ஆனால் பெயர்ப்பலகையைப் படிக்கிற எத்தனை பேருக்கு அது தோன்றும்?

இப்போது சுவருக்கு வருவோம். நடராசர் கோயில் தெற்குக் கோபுர வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே கல்லில் மீன் செதுக்கியிருக்கும். நானும் சின்ன வயசில் நம்ம ஊர் மீனைத்தான் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாண்டியர் சின்னம். பத்திரத்தில் முத்திரை குத்துவது போல, இது எங்கள் கைங்கரியம் என்று அரசர் வைத்த அடையாளம். சிவகாமி அம்மன் சன்னதி மண்டபத்து மேற்கூரையில் நாயக்கர் காலத்து வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. பிட்சாடனர், தாருகாவனத்து முனிவர்கள், முனிபத்தினிகள் என்று வரிசையாக வரும். நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும், கண் நகராது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். பெரிய கோயிலில் புலி முனிவருக்குக் காலாக இருக்கிறது, பாம்பு பதஞ்சலிக்கு உடம்பாக இருக்கிறது, மீன் அரசனுக்கு முத்திரையாக இருக்கிறது. பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவை உள்ளே நுழைந்திருக்கின்றன. மடவையும் கொடுவாயும் தனியாக வந்து இடம் பிடிக்கவில்லை.

மீனை மீனாகவே மதித்து வைத்த இடம் நம்ம பக்கத்தில் ஒன்று உண்டு. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். அங்கே அருங்காட்சியகத்தில் மீனும் நண்டும் சங்கும் கண்ணாடிக் குடுவைகளில் இருக்கும். பெயரெல்லாம் லத்தீன். அதைக் குறை சொல்லவில்லை, அந்தப் பெயர் இருந்தால்தான் உலகத்தில் எந்த ஊர்க்காரருக்கும் அது எந்த மீன் என்று புரியும். ஆனால் ஏலத்தில் கூடையைக் கவிழ்த்ததும் காரப்பொடியையும் கவளையையும் நெத்திலியையும் நொடியில் பிரித்துப் போடுகிற நம்ம பெண்களின் படிப்பு எந்தக் குடுவையிலும் இல்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து நேற்றுப் பிடித்ததா இன்றைக்கா என்று சொல்வார்களே, அந்தப் படிப்பு.

நாமும் காலங்காலமாக மீன் வரைந்துகொண்டுதான் இருக்கிறோம். மார்கழியில் வாசலில் புள்ளி வைத்து மீன் கோலம் போடாதவர் நம்மில் யார்? ஆனால் அது தரையில் போட்டது. விடியற்காலம் போட்டால் மத்தியானத்துக்குள் சைக்கிள் ஏறி, ஆடு மிதித்து, அழிந்துவிடும். ஆண்கள் படகின் முகப்பில் பெயின்ட்டில் எழுதுவதும் வரைவதும் வருஷக்கணக்கில் நிற்கிறது.

தரையில் இல்லாமல் சுவரிலேயே பெண்கள் மீன் வரைந்த நாடு வடக்கே ஒன்று இருக்கிறது. பீகாரில் மிதிலை, சீதை பிறந்த ஊர் என்று சொல்கிறோமே, அந்தப் பக்கம். கல்யாண வீட்டில் மணமக்கள் தங்கும் அறைச் சுவரில் தாமரை, மூங்கில், ஆமை, மீன் என்று வரைவார்கள். வம்சம் பெருகணும் என்பதற்கு மீன். அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வேலை. வெளியாருக்குத் தெரியாது. 1934 ஜனவரியில் பெரிய பூகம்பம் வந்து வீடுகள் இடிந்தன. சேதம் பார்க்கப் போன ஆர்ச்சர் என்ற வெள்ளைக்கார அதிகாரி, இடிந்து திறந்து கிடந்த உள்சுவர்களில் இந்தப் படங்களைக் கண்டு அசந்துபோனார். வீடு விழுந்தால்தான் உள்ளே இருந்த பெண்ணின் வேலை வெளியே தெரிகிறது, பாருங்கள்.

அப்புறம் 1966, 67-ல் அங்கே கடும் பஞ்சம். அகில இந்திய கைவினைப் பொருள் வாரியத்தில் இருந்த புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை அனுப்பிக் காகிதம் கொடுத்து, சுவரில் வரைவதை இதில் வரையுங்கள், விற்றுத் தருகிறோம் என்று சொல்லவைத்தார். தருமபுரியில் 1989-ல் நம் தமிழ்நாட்டு மகளிர் குழுக்கள் தொடங்குவதற்கு இருபது வருஷத்துக்கு மேல் முந்தின கதை இது. 1975-ல் ஜகதம்பா தேவிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. சுவரில் மீன் வரைந்து முதலில் பேர் வாங்கியவர்கள் பெரும்பாலும் மேல்சாதி வீட்டுப் பெண்கள். மீன் பிடிக்கிற மல்லா சாதியில் பிறந்த துலாரி தேவிக்கு அது வெகு காலம் கழித்துத்தான் கைகூடியது. சின்ன வயசிலேயே கல்யாணம், பிறந்த குழந்தை போய்விட்டது, தாய்வீடு திரும்பினார். பள்ளிக்கூடம் போனதில்லை. மகாசுந்தரி தேவி, கர்ப்பூரி தேவி என்ற இரண்டு ஓவியர்களின் வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கூட்டிப் பெருக்கினார். அங்கேயே தூரிகை பிடிக்கக் கற்றார். அவர் கதையை நம் சென்னையில் உள்ள தாரா புக்ஸ் படப் புத்தகமாகப் போட்டது. 2021-ல் அவருக்கும் பத்மஸ்ரீ. 2025 பிப்ரவரியில் நிதியமைச்சர் பட்ஜெட் படிக்க வந்தபோது உடுத்திய மீன் போட்ட புடவை துலாரி தேவி கொடுத்தது. டிவியில் நம்மில் பலர் பார்த்திருப்போம், வரி குறைந்ததா என்று கேட்ட அவசரத்தில் புடவையைக் கவனித்திருக்க மாட்டோம்.

அதே ஊரில் 2017-ல் மதுபனி ரயில் நிலையத்துச் சுவர் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் வரைந்தார்கள். நிலையமே கண்காட்சி ஆகிவிட்டது. ஆனால் கூலி இல்லாமல் சேவையாக வரைந்தார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை. சுண்ணாம்பு அடிக்கிறவருக்குக் கூலி உண்டு, சாரம் கட்டுகிறவருக்குக் கூலி உண்டு, படம் வரைகிற பெண்ணுக்கு மட்டும் சேவையா?

இனி நம்ம பக்கத்துக்கே வருவோம். நம் மாவட்டத்தில் உள்ளதிலேயே பெரிய மீன் படம் எது தெரியுமா? பிச்சாவரத்தில் மண்ணில் வெட்டியது. பலருக்குப் பிச்சாவரம் என்றால் 1975-ல் வந்த 'இதயக்கனி' படமும் படகுச் சவாரியும்தான். அதற்கு முன்னால் பல பத்தாண்டுகளாகக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனதும் வெயில் மண்ணில் விழுந்து ஈரம் வற்றியது. மண் தொட்டி மாதிரி குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த தண்ணீர் வற்றத்தில் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, உப்பு ஏறி, புதுச்செடி எதுவும் பிடிக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து ஊர் மக்களைக் கொண்டு வாய்க்கால் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் அப்படியே மீன் முள். தண்ணீர் போய் வர ஆரம்பித்தது, கரையில் நட்ட கண்டல் செடி பிடித்துக்கொண்டது. மண்வெட்டி பிடித்ததிலும் கன்று நட்டதிலும் பெண்களும் உண்டு.

அந்தக் காடு என்ன செய்தது என்பது 2004 டிசம்பர் 26-ல் தெரிந்தது. நம் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். இதைப் படிக்கிறவர்களில் பிள்ளையைக் கொடுத்தவர்கள் இருக்கிறீர்கள், அதைப் பற்றி அதிகம் எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்த வருஷம் சயின்ஸ் என்ற உலகப் பத்திரிகையில் நம் கடலூர் மாவட்டக் கரையை வைத்தே ஒரு ஆய்வு வந்தது. மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று அது சொன்னது. 2022-ல் பிச்சாவரம் ராம்சார் ஈரநிலம் என்று உலகப் பட்டியலில் சேர்ந்தது.

அந்தக் கால்வாய்களில் கிள்ளைப் பக்கத்து இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வலை இல்லை, படகு இல்லை. சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்தபடியே இரண்டு கையாலும் துழாவுவார்கள். ஓலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கையில் தட்டுப்படுவது இறாலா, நண்டா, முள் குத்துகிற கெளுத்தியா என்று கண்ணால் பார்க்காமலே தெரியும். பழங்குடிச் சான்றிதழுக்கே நெடுங்காலம் அலைந்தவர்கள். மீன் படம் வரையணும் என்றால் நான் முதலில் கேட்பது அவர்களைத்தான்.

ஏன் இத்தனையும் எழுதினேன் என்றால், நம் கூட்டமைப்புக் கட்டடத்தின் சுற்றுச்சுவருக்கு இந்த வருஷம் வெள்ளையடிக்கிறோம். அதில் மீன், பறவை, ஆமை வரையலாம் என்று செயற்குழுவில் பேசினோம். ஓவியர் ஒருவர் மாதிரி கொண்டுவந்து காட்டினார். நன்றாக வரைகிறவர்தான். ஆனால் அதில் சினிமாவில் வருகிற ஆரஞ்சு மீன், டால்பின், பென்குயின். பென்குயின் எப்போது நம்ம கரைக்கு வந்தது என்று தேவனாம்பட்டினத்து அக்கா கேட்டதும் எல்லாரும் சிரித்துவிட்டோம். பல பள்ளிக்கூடச் சுவர்களிலும் இதே கதைதான். பங்குனியில் நம்ம மணலில் முட்டையிட வருகிற ஆமை பங்குனி ஆமை. அதைப் பெயரோடு சொல்லத் தெரியாத பிள்ளைக்குப் பென்குயின் தெரிகிறது. இப்போதே மடவையும் செத்தலும் எது எது என்று நம்ம வீட்டுப் பெண்பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அதனால் என் யோசனை இது. வரைகிறவர் வரையட்டும், அவர் கூடவே நம் உறுப்பினர்கள் ஆறு பேர் கற்றுக்கொண்டு வரையட்டும், அந்த ஆறு பேருக்கும் நாள்கூலி தீர்மானத்திலேயே எழுதட்டும். எந்த மீன், எந்த நண்டு என்பதை மீன் விற்கிற, பிடிக்கிற, கருவாடு போடுகிற குழுக்கள் முடிவு செய்யட்டும். பட்டியல் எழுத ஆரம்பித்துவிட்டேன். மடவை, கொடுவா, செத்தல், கெளுத்தி, கிழங்கான், சென்னாகுனி, களி நண்டு, பங்குனி ஆமை, நீர்க்காகம், தில்லை, சுரபுன்னை. இதற்குள்ளேயே ஒரு சண்டை வந்துவிட்டது. ஒரு குழு கானாங்கெளுத்தி என்று எழுதச் சொல்கிறது, இன்னொரு குழு அயிலை என்கிறது. மீன் ஒன்றுதான். ரெண்டையும் எழுதப் போகிறேன்.

விட்டுப்போன பெயர் இருந்தால் மாதக் கூட்டத்தில் சொல்லுங்கள். முடிந்தால் மீனையே கொண்டு வாருங்கள், பார்த்து வரையட்டும். வரைந்த பிறகு குழம்பு வைத்துக்கொள்ளலாம், புளி நான் கொண்டுவருகிறேன்.