பாணர் மரபும் பண்ணிசையும்

தந்தை தன் மகற்கு ஆவணம் எழுதி வைத்தற்குரிய செல்வங்கள் சில. அங்ஙனம் எழுதி வைத்தற்கு இயலாதன சில. நிலமும் பொன்னும் முன்னையவை. இசை பின்னையது. அது செவியாற் கேட்டு, குரலாற் பயின்று, ஒரு தலைமுறையினின்று மற்றொரு தலைமுறைக்கு வருவது. இடையில் ஒருவர் பயிலாதொழியின் ஓலை இருந்தும் ஓசை இல்லையாம். தேவாரத் திருப்பதிகங்களுக்கு அந்நிலை வந்ததும், அதனின்று அவை மீண்டதும் அன்பர் அறிந்து போற்றற்குரிய வரலாறாகும்.

கி.பி. 7-ஆம் நூற்றாண்டில், நடுநாட்டு எருக்கத்தம்புலியூரில், பெரும்பாணர் குடியில் தோன்றியவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். இந்நாளில் இராசேந்திரப்பட்டினம் என வழங்கும் அவ்வூர் விருத்தாசலத்தை அடுத்துள்ளது. நாயனார் யாழிசைக்க, அவர்தம் மனைவியார் மதங்கசூளாமணியார் உடன் பாடுவர். இசை அவ்வில்லத்தின் நாட்கடனாய் இருந்தது. மதுரையில் ஆலவாய் அண்ணல், ஈரத் தரையில் யாழ் நரம்பு தளரும் எனத் திருவுளங்கொண்டு, பாணர்க்குப் பொற்பலகை இடுவித்தருளினார் என்று சேக்கிழார் பெருமான் அருளிச்செய்கின்றார்.

சீகாழி அடைந்து திருஞானசம்பந்தப் பிள்ளையாரை வணங்கிய பாணர், அன்றுமுதல் அவரைப் பிரியாதுறைந்து பதிகங்களை யாழிலிட்டு வாசித்து வந்தார். சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனார், பிள்ளையார் கட்டளைவழி, தம் மனையின் நடுவே வேதியின் பாங்கர்ப் பாணர்க்கு இடமளித்தார். வேதியில் எரி வலஞ்சுழித்து ஓங்கியது. குலம் நோக்கி விலக்கிய உலகம், இசையும் அன்பும் நோக்கி ஏற்றுக்கொண்ட காட்சி அது.

தருமபுரம் பாணருடைய தாயார் பிறந்த ஊர். அங்குள்ள சுற்றத்தார், யாழின் திறத்தாலேயே பதிகம் சிறக்கின்றது என்றனர். பாணர் அதுகேட்டு நடுங்கி, யாழில் அடங்காத பதிகம் ஒன்று அருளுமாறு வேண்ட, பிள்ளையார் யாழ்மூரி பாடியருளினார். தம் கருவியின் எல்லையைக் கண்ட பாணர் அதனை உடைக்க ஓங்கியபோது பிள்ளையார் தடுத்து, இயன்ற அளவில் வாசிக்கப் பணித்தார். முன்னோர் தந்த கலையைச் செருக்கின்றிக் காத்தல் வேண்டும், குறைகண்டு கைவிடுதலும் ஆகாது என்னும் இருவகைப் பாடமும் இந்நிகழ்ச்சியில் அமைந்துள்ளன. நல்லூர்ப் பெருமணத்தில் பிள்ளையாருடன் பாணரும் சோதியுட் கலந்தார்.

பின்னர்த் திருமுறைகள் வழக்கிழந்து தில்லையில் மறைந்து கிடந்தன. சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் அவற்றைக் கண்டெடுத்த வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறும். செல்லரித்தன போக எஞ்சிய ஏடுகள் கிடைத்தன. ஆயினும் பண்முறை தெரிந்திலது. அதற்குத் திருவருள் காட்டிய இடம் எருக்கத்தம்புலியூரே. பாணர் மரபிற் பிறந்த அம்மையார் ஒருவரைத் தில்லைக்கு அழைத்து வந்து, அவரைக்கொண்டு பதிகங்களுக்குப் பண் வகுப்பித்தனர். மன்னனிடம் படை இருந்தது. நம்பியிடம் புலமை இருந்தது. பண்ணோ ஓர் எளிய குடியின் குரலில் இருந்தது. பாணர் மரபினர் என்னும் இதுவே அவ்வம்மையார்க்குரிய பெருமை.

பதிகம் பாடுவோர் இராசராசனுக்கு முன்னரும் திருக்கோயில்களில் இருந்தனர். நந்திவிக்கிரமவர்மனின் 17-ஆம் ஆட்சியாண்டுத் திருவல்லக் கல்வெட்டு திருப்பதியம் பாடுவாரைக் குறிக்கின்றது. அவ்வழக்கத்தை நிலைபெறச் செய்த பெருமை முதல் இராசராசனுக்கு உரியது. கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட அவன், தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யப் பிடாரர் 48 பேரையும், அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அமைத்தான். இவ்வைம்பதின்மர்க்கும் நாடோறும் தலைக்கு முக்குறுணி நெல் அளக்கப்பட்டது. மொத்தம் நாளொன்றுக்கு 12½ கலம்.

நெல்லின் அளவினும் அக்கல்வெட்டின் விதியே சிறப்புடையது. ஒருவர் இறந்தாலும் வேறு நாடு சென்றாலும், அவருக்கு அடுத்த முறைகடவார் அந்நெல்லைப் பெற்றுத் திருப்பதியம் பாடவேண்டும். அவர்க்குத் தகுதி இல்லையெனின், தகுதியுடையார் ஒருவரை அவரே அமர்த்திப் பாடச் செய்தல் வேண்டும். முறைகடவாரே இல்லையெனின், ஏனைப் பாடுவோர் கூடித் தக்கவரைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். அவ்வாறு அமர்ந்தவர் முன்னவர் பெற்ற நெல்லையே பெறுவர்.

பிறப்புரிமை பெரிதோ, பயிற்சி பெரிதோ என்னும் வினாவுக்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன் கல்லில் வெட்டப்பெற்ற விடை இது. குடிக்கு முதலிடம் உண்டு. ஏனெனில் தொட்டிலிலேயே பண்ணைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு அது இயல்பாய் அமையும். ஆயினும் குடிப்பிறப்பு மட்டும் போதாது. பாட வல்லாரே பாடுதற்குரியர். வழி தளர்ந்தவிடத்து வேறு குடியினர் ஏற்று நடத்துவர். பாடுவோர் மாறினும் பாட்டு நின்றுவிடலாகாது என்பதே மன்னன் கருத்து.

குடமுழுக்கு விழாவில் கோபுரமும் விமானமும் புதுப்பொலிவு பெறுகின்றன. கல் சிதைந்தால் வேறு கல் கொணரலாம். குரல் அற்றுப்போயின் அதனைத் தேடி மீண்டும் ஓர் எருக்கத்தம்புலியூர்க்குச் செல்லவேண்டிவரும். எக்காலத்தும் அங்கு ஒருவர் இருப்பர் என்பது உறுதியன்று. ஆகலின் திருப்பணிக்கு மனமுவந்து பொருளளிக்கும் செல்வர்கள், சந்நிதியில் பண்ணோடு பாடும் ஓதுவார்க்கும், அவர்பாற் பயிலும் சிறார்க்கும் உரிய படியை வகுத்தல் இராசராசன் காட்டிய அறநெறியாம். ஒவ்வோர் இல்லத்திலும் மாலைப்போதில் ஒரு பதிகமேனும் மக்கள் செவியில் விழுமாறு பெற்றோர் ஓதிவருவாராயின், அம்மரபு எந்நாளும் தழைக்கும்.

திருச்சிற்றம்பலம்.