விலைக்கு வாங்கிய நூல் யாருடையது?

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே உரியது என்பது உலகம் ஒப்பிய வழக்கு. ஆயினும், நூல் என்னும் பொருளைப் பொறுத்தவரை இது வழக்காடியே நிலைநாட்டப்பெற்றது.

1904-இல் அமெரிக்காவின் பாப்ஸ்-மெரில் பதிப்பகம் 'தி காஸ்ட்அவே' என்ற புதினத்தை வெளியிட்டது. அதன் சில்லறை விலை ஒரு டாலர் என்றும், குறைத்து விற்பது பதிப்புரிமையை மீறுவதாகும் என்றும் நூலிலேயே அச்சிட்டது. நியூயார்க்கின் மேசி அங்காடியினர் அதனை 89 சென்டுக்கு விற்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒரு பிரதியை விற்றுவிட்டபின் அது எவ்விலைக்குக் கைமாற வேண்டுமென்று விதிக்கப் பதிப்புரிமை இடந்தராது என்று 1908-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. நூலைப் படியெடுக்கும் உரிமை வேறு. வாங்கிய பிரதியின் மீதுள்ள உடைமை வேறு என்பது இதனால் தெளிவாயிற்று.

நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், 1994-இல் திருத்தப்பெற்றபின், ஏற்கெனவே புழக்கத்திலுள்ள பிரதிகளை ஆசிரியரின் வெளியீட்டுரிமைக்குப் புறம்பாக்குகிறது. கொல்கத்தாக் கல்லூரித் தெருவின் பழைய புத்தகக் கடைகளும், தந்தை வாங்கிய நூல் மகளுக்குச் சேர்வதும் இத்தகைய நெறியின் நிழலிலேயே நடைபெறுகின்றன.

மின்னூலுக்கோ தாளும் இல்லை, கட்டடமும் இல்லை. அதனைப் பிறர்க்கு அனுப்பும்போது புதியதொரு படி உண்டாகிறது. ஆகவே, 'வாங்குக' என்ற பொத்தானை அழுத்துவோர் பெரும்பாலும் பெறுவது படிப்பதற்கான அனுமதி மட்டுமே. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், வெளியிட உரிமையற்ற ஒருவர் விற்றவை என்ற காரணத்தால், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கோரினார். ஆயினும், பாடத்திற்காகக் குறிப்பெழுதி வைத்திருந்த மாணவர் ஒருவருக்கு, நூலைப் பிரிந்த அக்குறிப்புகள் பயனற்றுப் போயின.

நீதிமன்றங்களும் ஒரே நெறியில் நிற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், காலவரையற்ற உரிமத்துடன் இறக்கிக்கொண்ட கணினி மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம் என 2012-இல் கூறிற்று. மின்னூலுக்கு அவ்வுரிமை இல்லையென 2019-இல் தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டமோ, அனுமதியை மட்டும் விற்போர் அதனைத் தெளிவாக அறிவிக்க வேண்டுமென்கிறது. இல்லையேல் 'வாங்குக' என்ற சொல்லை ஆளலாகாது.

அறிவிப்பு நன்றே. ஆயின், அது வாசகரை எச்சரிக்கிறதேயன்றி, இழந்த உரிமையை மீட்டுத் தரவில்லை. விற்ற நூலை விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்ள இயலாதென்ற உறுதியையேனும் சட்டம் மின்னூலுக்கு அளித்தல் வேண்டும். அதுவரை, நாம் பேணிக் காக்க விரும்பும் நூல்களை அச்சுப் பிரதியாகவும் வைத்துக்கொள்வதே தக்கதெனக் கருதுகிறோம்.