கூலியில்லாக் கூலிகள்: பிண்டாரி வழியின் தங்கல் விடுதிகளும் 1921ஆம் ஆண்டின் பாகேஷ்வரும்

குமாவுன் இமயமலையில் பிண்டாரிப் பனியாற்றை நோக்கிச் செல்லும் பழைய நடைவழியில் லோஹார்கேத், தாகுரி, காத்தி, த்வாலி, புர்கியா என ஐந்து தங்கலிடங்கள் உள்ளன. பொதுப்பணித் துறையின் டாக் பங்களாக்களாக அறியப்பட்ட இவ்விடங்களே, சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதிகள் வந்த பின்னரும், மலையேற்றத்தைத் திட்டமிடுவோரின் அட்டவணையைத் தீர்மானித்து வந்துள்ளன. முதல் நாள் எங்கு உறங்குவது, இரண்டாம் நாள் எவ்வளவு தூரம் நடப்பது என்ற கேள்விகளுக்கு வழியே விடை சொல்லிவிடுவதுபோல் தோன்றும். அவ்விடையை வழிக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்பது ஒரு வரலாற்றுக் கேள்வி.

உயரங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இவ்வழியின் அமைப்பு வியப்பளிக்கும். லோஹார்கேத் ஏறத்தாழ 1,750 மீட்டர். தாகுரி ஏறத்தாழ 2,680 மீட்டர். அங்கிருந்து காத்திக்கு இறங்கும்போது உயரம் 2,200 மீட்டராகக் குறைகிறது. பிண்டர் ஆறும் கஃப்னி ஆறும் கூடுமிடத்தில் உள்ள த்வாலி ஏறத்தாழ 2,575 மீட்டர். புர்கியா ஏறத்தாழ 3,260 மீட்டர். பனியாற்றைக் காணும் இறுதி முனை 3,600 மீட்டரைத் தாண்டியது. அதைக் கண்டபின் பயணி அன்றே புர்கியாவுக்கோ த்வாலிக்கோ திரும்பிவிடலாம். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்த வேண்டும், பகலில் உயரத்துக்கு ஏறினாலும் இரவில் தாழ்வான இடத்தில் உறங்குவது நல்லது என்று இன்றைய மலை மருத்துவம் கூறுகிறது. பிண்டாரி வழி இவ்விதிகளோடு பெருமளவு பொருந்துகிறது. எனினும் இத்தங்கலிடங்களின் இடைவெளியை வகுத்த அளவுகோல் பயணியின் நுரையீரல் அன்று. சுமையைத் தூக்கி நடப்பவரின் முதுகே. 'படாவ்' என்று மலைமக்கள் அழைத்த ஒருநாள் நடையின் முடிவில் ஓர் ஊரின் ஆட்கள் சுமையை இறக்கிவைப்பர். அடுத்த ஊரின் ஆட்கள் அதை ஏற்றுக்கொள்வர். விடுதி உறங்குமிடமாக இருந்தது. அதே அளவுக்குச் சுமை கைமாறும் இடமாகவும் இருந்தது.

குமாவுன் 1815ஆம் ஆண்டு கோர்க்காக்களிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமானது. அடுத்த இருபது ஆண்டுகளில் அப்பகுதியின் நிர்வாகத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் ஆணையர் ஜி. டபிள்யூ. டிரெயில். 1830ஆம் ஆண்டு அவர் பிண்டாரிப் பனியாற்றுக்கு மேலே, நந்தாதேவி கிழக்குச் சிகரத்துக்கும் நந்தாகோட்டுக்கும் இடையே 5,300 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயைக் கடந்து ஜோஹார் பள்ளத்தாக்கை அடைந்ததாக வரலாறு பதிந்துள்ளது. அவருக்கு வழிகாட்டியவர் சூபி என்னும் ஊரைச் சேர்ந்த மலக் சிங். நிலப்படத்தில் அக்கணவாய் இன்றும் 'டிரெயில் கணவாய்' என்றே உள்ளது. உள்ளூரார் நினைவில் நிற்கும் மலக் சிங்கின் பெயர் நிலப்படத்தில் ஏறவில்லை. பெயரிடும் உரிமை யாருக்கு இருந்தது என்பதன் எளிய சான்று இது.

'டாக்' என்பது அஞ்சல். 'பங்களா' என்பது வங்காளப் பாணி வீட்டைக் குறிக்கும் சொல். அஞ்சல் சுமந்தோர் ஆள் மாற்றிக்கொண்ட வழித்தடங்களோடு தொடர்புடைய தங்கல் விடுதிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தியாவெங்கும் பரவின. ஒரு சௌகிதார், ஒரு கான்சாமா, விருந்தினர் கையெழுத்திடும் பதிவேடு, சுவரில் தொங்கும் விதிமுறைப் பலகை, விருந்தினர் வந்த பின்னரே துரத்திப் பிடிக்கப்படும் கோழி ஆகியவை ஆங்கிலப் பயண எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருபவை. இவ்விடுதிகளைச் சூழ்ந்த ஏக்கமும் அவ்வெழுத்துகளிலிருந்தே பிறந்தது. பேய்க்கதைகள்கூட உண்டு, கிப்ளிங்கின் கதையொன்று முழுக்க ஒரு டாக் பங்களாவில் நிகழ்கிறது. பேய் பேசப்பட்ட அளவுக்கு, அந்த அறைக்குப் பெட்டிகளைச் சுமந்து வந்தவர் பேசப்படவில்லை.

அவரைக் காண வேண்டுமாயின் விருந்தினர் பதிவேட்டை மூடிவிட்டு வருவாய்த் துறையின் பதிவேட்டைத் திறக்க வேண்டும். குமாவுனிலும் பிரிட்டிஷ் கட்வாலிலும் மூன்று கட்டாயங்கள் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. குறைந்த ஊதியத்துக்குக் கட்டாயமாகச் சுமை தூக்குவது 'குலி உத்தார்'. ஊதியமே இல்லாத உழைப்பு 'குலி பேகார்'. சுற்றுப்பயணம் வரும் அதிகாரியின் முகாமுக்குப் பால், தானியம், விறகு, புல் முதலியவற்றைக் கொடுப்பது 'குலி பர்தாயிஷ்'. இக்கடமைகள் நிலவுரிமையோடு பிணைக்கப்பட்டிருந்தன; நிலம் வைத்திருப்பவர் சுமை தூக்கக் கடமைப்பட்டவர். யார் முறை எப்போது என்பதை ஊர்த்தலைவர் பதிவேட்டில் எழுதிவைத்தார்.

அன்றைய உயர்மலைப் பயணத் திட்டமிடல் எப்படி இயங்கியது என்பது இதிலிருந்து விளங்கும். பயணத்துக்கு இசைவு பெற்றவரின் தேவை மாவட்ட அலுவலகத்திலிருந்து பட்வாரிக்குச் செல்லும். குமாவுன் மலைகளில் பட்வாரி வருவாய் அலுவலர் மட்டுமல்லர். காவல் அதிகாரமும் அவரிடமே இருந்தது. அவர் ஊர்த்தலைவரிடம் ஆள் கேட்பார்; ஊர்த்தலைவர் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் சொல்வார். விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலமாயினும் பெயர் அழைக்கப்பட்டவர் செல்ல வேண்டும். அதிகாரி, ஆய்வாளர், வேட்டைக்காரர், மலையேறி எனப் பயணி யாராயினும் அவருடைய திட்டத்தின் உறுதி மற்றொருவரின் மறுக்க இயலாமையில் தங்கியிருந்தது.

இங்கு ஒரு சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். 'கூலி' என்பது தமிழில் உழைப்புக்கு ஈடாகப் பெறுவதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் 'கூலி' என்ற சொல் தமிழிலிருந்து சென்றதா, குஜராத்தின் கோலி சமூகப் பெயரிலிருந்து சென்றதா என்பது நெடுநாளாக விவாதிக்கப்படுகிறது. 1886ஆம் ஆண்டு வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இவ்விரண்டையும் எடுத்துப் பேசுகிறது. அவ்விவாதத்தின் முடிவு எதுவாயினும் பொருள் மாற்றம் தெளிவானது. தமிழில் பொருளைக் குறிக்கும் சொல் காலனிய ஆங்கிலத்தில் ஆளைக் குறிக்கலாயிற்று. ஊதியமற்ற கட்டாய உழைப்பைக் குறிக்கும் பாரசீக வழிச் சொல்லான 'பேகார்' அதனோடு சேர்ந்தபோது 'குலி பேகார்' என்ற தொடர் பிறந்தது. தமிழ்ச் செவிக்கு அது 'கூலியில்லாக் கூலி' என ஒலிக்கும். சொல்லுக்குள் இருந்த ஊதியம் வெளியேறி ஆள் மட்டும் எஞ்சிய வரலாறு அத்தொடரில் உள்ளது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சுமை கூடியது. கட்வாலில் 1908ஆம் ஆண்டு ஜோத் சிங் நேகி 'கூலி ஏஜென்சி' என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். ஊரார் பணம் செலுத்தி, அப்பணத்தில் விருப்பமுள்ளோரைச் சுமைக்கு அமர்த்தும் முறை அது. கட்டாயத்திலிருந்து பணம் கொடுத்து விடுபடும் வழியே தவிரக் கட்டாயத்தை மறுக்கும் வழியன்று. 1911 முதல் 1917 வரை நடந்த வன எல்லை வரையறுப்பு, மக்கள் புழங்கிய காடுகளைக் காப்புக்காடுகளாக்கியது. வனத்துறையினரின் சுற்றுப்பயணங்களும் அவற்றுக்கான சுமைகளும் பெருகின. விறகும் புல்லும் எடுக்கத் தடை விதித்த அலுவலரின் முகாமுக்கே விறகும் புல்லும் சுமந்து செல்லும் நிலை ஏற்பட்டது. 1916ஆம் ஆண்டு குமாவுன் பரிஷத் தோன்றியது. 1918இல் அல்மோராவிலிருந்து பத்ரிதத் பாண்டேயின் 'சக்தி' இதழ் வெளிவரத் தொடங்கியது.

1921 ஜனவரியில், தமிழகம் பொங்கல் கொண்டாடும் அதே மகர சங்கராந்தியை ஒட்டி, சரயுவும் கோமதியும் கூடும் பாகேஷ்வரில் உத்தராயணித் திருவிழா கூடியது. பிண்டாரி செல்வோர் இன்றும் கடந்து செல்லும் ஊர் அது. பல்லாயிரவர் திரண்ட அக்கூட்டத்தில் பத்ரிதத் பாண்டே, ஹர்கோவிந்த் பந்த், சிரஞ்சிலால் ஆகியோர் பேசினர். மாவட்டத் துணை ஆணையர் காவலர்களுடன் அங்கே இருந்தார். பாக்நாத் கோயிலருகே சரயு நீரைக் கையிலேந்தி, இனிச் சுமை தூக்குவதில்லை என்று மக்கள் உறுதியேற்றனர். ஊர்த்தலைவர்கள் தாங்கள் கொண்டுவந்த கூலிப் பதிவேடுகளை ஆற்றில் எறிந்தனர். துப்பாக்கி வெடிக்கவில்லை. உறுதிமொழி ஊர் ஊராகப் பரவியபின் அரசு அம்முறையைக் கைவிட நேர்ந்தது. காந்தி பின்னர் இதை இரத்தம் சிந்தாப் புரட்சியாகப் பாராட்டினார். 1929இல் குமாவுனுக்கு வந்தபோது பாகேஷ்வருக்கும் சென்றார்.

இந்நிகழ்வை மாசற்ற வீரக்கதையாக மட்டும் எழுதுவது சரியாகாது. கட்டாய உழைப்பு ஆங்கிலேயர் கண்டுபிடித்ததன்று. முந்தைய அரசுகளின் காலத்திலும் அது இருந்தது. காலனிய ஆட்சி அதை நிலவுடைமையோடும் எழுத்துப் பதிவோடும் இணைத்துத் தப்ப இயலாததாக்கியது. எதிர்ப்பில் சாதிப் பெருமிதமும் கலந்திருந்தது. நிலமுடைய உயர்சாதியினர் அதிகாரிகளின் அழுக்குப் பொருள்களைச் சுமக்க நேர்ந்தபோது அதைத் தம் குலத்துக்கு இழைக்கப்பட்ட இழிவாகவும் உணர்ந்தனர். அவர்களுக்காகத் தலைமுறை தலைமுறையாக உழைத்த சில்ப்கார் மக்களின் கடப்பாடுகள் சரயுவில் கரைந்துவிடவில்லை. 'ஊதியம் வழங்கப்பட்டதே' என்று உத்தாருக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதத்துக்கும் விடை கூற வேண்டும். மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் தரப்படும் காசு, எவ்வளவாயினும், கூலியாகாது. 1921இல் மக்கள் வென்றது ஊதிய உயர்வை அன்று. 'வரமாட்டேன்' என்று சொல்லும் உரிமையை.

மலையேற்ற வரலாறுகள் பெரும்பாலும் சிகரங்களையும் கணவாய்களையும் முதலில் அடைந்தோரின் ஆண்டுகளால் பகுக்கப்படுகின்றன. குமாவுனைப் பொறுத்தவரை 1830ஐவிட 1921 பெரிய எல்லைக்கல். அதற்கு முன் பயணத் திட்டம் என்பது ஆணை. அதற்குப் பின் அது பேச்சுவார்த்தை. சுமையின் எடை, நாளின் நீளம், ஊதியம், திரும்பும் நாளுக்கான காசு ஆகியவற்றைச் சுமப்பவரும் பேசி முடிவுசெய்யும் வாய்ப்பு அந்த ஆற்றங்கரையில்தான் திறந்தது.

அதே மலையில் தங்கலுக்கு வேறு மரபும் உண்டு. பத்ரிநாத், கேதார்நாத் வழிகளில் நடந்து சென்ற யாத்திரிகர்கள் 'சட்டி' எனப்பட்ட இடங்களில் தங்கினர். கடைக்காரரிடம் அரிசி, மாவு, பருப்பு வாங்கினால் உறங்க இடமும் சமைக்கப் பாத்திரமும் தனிக் கட்டணமின்றிக் கிடைக்கும். அதில் வணிகம் இருந்தது, ஆணை இல்லை. 1974ஆம் ஆண்டு தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் அஸ்கோட்–ஆராகோட் நடைப்பயணத்தில் பங்கேற்போர் பணம் எடுத்துச் செல்லாமல் ஊராரின் விருந்தோம்பலை நம்பியே நடக்கின்றனர். குலி பேகார் முறையின் வரலாற்றை விரிவாக எழுதிய சேகர் பாடக் அப்பயணத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர் என்பது பொருத்தமானதே. ஒரு காலத்தில் பர்தாயிஷ் என்று பறிக்கப்பட்ட அதே பாலும் தானியமும், கேட்கும் அதிகாரம் இல்லாதவர் வாசலில் நிற்கும்போது, விருந்தாக மாறுகின்றன.

ஆய்வாளருக்கு இதில் ஒரு முறையியல் சிக்கலும் உண்டு. விடுதிகளில் தங்கியோரின் பெயர்களையும் கருத்துகளையும் விருந்தினர் பதிவேடுகள் காத்துவைத்தன. பயண நூல்கள் அவற்றைப் பெருக்கின. சுமந்தோரின் பெயர்கள் ஊர்வாரியாக, முறைவாரியாக எழுதப்பட்ட ஏடுகள் கூலிப் பதிவேடுகளே. சமூக வரலாற்றுக்கு அவற்றைவிடச் சிறந்த சான்று அரிது. அவற்றை ஆற்றில் எறிந்தவர்கள் அப்பெயர்களுக்கு உரியவர்களே. ஆவணக் காப்பகத்தின் இழப்பாக மட்டும் அதைக் கருதும் வரலாற்றெழுத்து, அவ்வேடு யாருக்காக எழுதப்பட்டது என்பதை மறந்துவிடும். அங்குள்ள வெற்றிடம் அலட்சியத்தால் நேர்ந்ததன்று. அம்மக்கள் தம் கையால் எழுதிய வரலாறு அது.

இன்று பிண்டாரி வழியைத் திட்டமிடுவோரின் பட்டியலில் விடுதி முன்பதிவு, உயரப் பழக்கம், வானிலை ஆகியவை தவறாமல் இடம்பெறுகின்றன. சுமப்பவரின் எடை வரம்பு, காப்பீடு, குளிராடை, உறங்குமிடம் ஆகியவை பல நேரங்களில் முகவரின் பொறுப்பாக விடப்படுகின்றன. அவற்றையும் அதே பட்டியலில், அதே கையால் எழுதுவது அறச்செயல் மட்டுமன்று. அந்த வழியின் வரலாற்றைச் சரியாகப் படித்ததன் விளைவும் ஆகும்.