33 நிமிஷ பாலா

சினிமா பொறந்ததுமே கேமரா முன்னாடி வந்து நின்னவங்கள்ல யாரெல்லாம் இருந்தாங்க தெரியுமா? ஆட்டக்காரங்க! 1894-ல் எடிசனோட ஸ்டூடியோவில் கார்மென்சிட்டா என்ற ஸ்பானிய நடனப் பெண்ணைப் படம் பிடிச்சாங்க. அதே சமயத்தில் அனபெல் என்ற இன்னொரு பெண் அகலமான பாவாடையைச் சுழற்றிச் சுழற்றி ஆடினதும் பதிவாச்சு. ஒரு நிமிஷம் கூட ஓடாது. கதை இல்ல, வசனம் இல்ல, அசைவு மட்டும்தான். குறும்படத்தோட பிள்ளையார் சுழியே இதுதான்னு சொல்லலாம்.

சரி, அப்போ நம்ம ஊர்ல என்ன நடந்துச்சு? அதுக்கு முந்தின வருஷம், 1893-ல், தேவதாசிகள் ஆடுற விழாவுக்குப் போகாதீங்கன்னு சீர்திருத்தக்காரங்க வைஸ்ராய்க்கும் சென்னை கவர்னருக்கும் மனு போட்டாங்க. அங்கே ஆட்டத்தைப் படச்சுருளில் சுத்தி வைக்கிறாங்க, இங்கே மேடையை விட்டே இறக்கப் பார்க்கிறாங்க. மனு அப்போ பலிக்கல. ஆனா இயக்கம் வளர்ந்து 1947-ல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டமா முடிஞ்சது. பெண்களை அந்தக் கட்டிலிருந்து விடுவிச்சது நியாயம்தான், அதில் மாற்றுக் கருத்து இல்ல. ஆனா அந்தக் கைகளில் இருந்த கலை?

வீணை தனம்மாள் வாசிச்சது 1932-ல் கிராமபோன் தட்டில் ஏறிடுச்சு, இன்னைக்கும் கேக்கலாம். ஆட்டம் தட்டில் ஏறாதே! அதுக்குக் கேமரா வேணும், அதுக்கு முன்னாடி யாருக்காவது தோணணும்.

தோணினது ஒரு வங்காளிக்கு. தனம்மாளோட பேத்தி பாலசரஸ்வதி (பிறப்பு 1918) ஏழு வயசில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். 1930-களின் நடுவில் அவர் கல்கத்தாவில் ஆடினப்போ கூட்டத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் பார்த்துட்டு இருந்தான். பேரு சத்யஜித் ரே. அந்தப் பையன் வளர்ந்து 'பாலா' படத்தை எடுத்தது 1976-ல். தமிழக அரசும் பம்பாய் தேசிய நிகழ்த்துகலை மையமும் சேர்ந்து தயாரிச்சாங்க. 33 நிமிஷம். அப்போ பாலாவுக்கு 58 வயசு! எடுக்காமலே விடுறதுக்கு 58 வயசு பாலா மேல்னு ரே நினைச்சாராம்.

படத்தில் கடலைப் பின்னாடி வெச்சு 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடுறார். கடல் காத்து புடவையை விடாம அலைக்கழிக்குது. மேடை இல்ல, ஒளி அலங்காரம் இல்ல. ஒரு அம்மா தன் குழந்தையைக் கூப்பிடுறா, அவ்வளவுதான். யோசிச்சுப் பாருங்க: வியாசராயரோட கன்னடப் பாட்டு, ஆடுறது தமிழ்ப் பெண், எடுக்கிறது வங்காளி, விளக்கம் ஆங்கிலத்தில். ஆனா அந்தக் கையசைவு புரிய இதில் ஒரு மொழியும் தேவைப்படல.

பாலா 1984-ல் போயிட்டார். அவருக்கு அபிநயம் சொல்லிக் கொடுத்த மயிலாப்பூர் கௌரி அம்மாள் கபாலீஸ்வரர் கோயிலில் ஆடினவர். அவங்க காலத்தில் எத்தனை கோயில்கள்ல எத்தனை பேர் ஆடியிருப்பாங்க! அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அரை நிமிஷப் படம் கூட இல்லை. நமக்கு மிஞ்சினது பேரும் கதையும்தான்.

இன்னைக்கு எங்க ராஜகீழ்ப்பாக்கத்தில் எந்த அடுக்குமாடி விழான்னாலும் பேத்தி மேடையேறினா ஐம்பது போன் மேல எழும்புது. நல்ல விஷயம். ஆனா முதல் வரிசையில் உக்காந்து கை தட்டுற பாட்டிக்குக் கும்மி முழுசாத் தெரியும். அந்தப் பக்கம் ஒரு போன் கூடத் திரும்பறதில்ல. 33 நிமிஷம் வேணாங்க, மூணு நிமிஷம் எடுத்து வைங்க. ரேவே 58 வயசு வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. பாட்டிக்கு 80 தாண்டிடுச்சு.